சிம் கேம்ல பிளேன சுட்டு இறக்கணுமா? மொதல்ல கிட்ட போங்க

வார் தண்டர், ஐஎல்-2, டிசிஎஸ்னு பிளேன் ஓட்டி சண்ட போடுற கேம் எது ஆடுனாலும் புதுசா வர்ற பசங்க கேக்குறது ஒரே கேள்வி தான், பின்னாடியே தான் போறேன், குறி வெச்சு தான் அடிக்கிறேன், ஒண்ணு கூட பட மாட்டேங்குதே ஏன்ணா? பத்துக்கு ஒம்போது தடவ காரணம் ஒண்ணு தான், தூரத்துல இருந்து சுடுறாங்க. எதிரிக்கு முன்னாடி குறி வெக்கற லீடு, குறுக்க போறவன கோணத்துல அடிக்கற டிஃப்ளெக்‌ஷன்னு பெரிய பேரு எல்லாம் அப்பால பாத்துக்கலாம்.

தண்டையார்பேட்டைல எங்க எதிர் வூட்டு தம்பி ஒருத்தன் ஐஎல்-2ல ஒரு ஹைன்கல் 111 பாம்பர் பின்னாடி போயி சரமாரியா அடிச்சிட்டு இருந்தான். "அண்ணா, பட்ற மாதிரி தான்ணா தெரியுது, லைன் அது மேலயே போவுது பாருங்க"ன்னான். கேம நிறுத்த சொல்லி, சைட்ல, அதாவது குறி பாக்குற கண்ணாடில இருக்குற வளையத்த பாருடான்னேன். அவன் ஓட்டுனது மெஸ்ஸர்ஷ்மிட் 109, அதுல ரெவி சைட்டு, அந்த வளையம் 100 மீட்டர் தூரத்துல 10 மீட்டர் அகலத்த காட்டும். ஹைன்கலோட ரெக்க இந்த நுனியில இருந்து அந்த நுனி வரைக்கும் 22 மீட்டர் சொச்சம், அப்போ அது வளையத்த முழுசா ரொப்புனா தூரம் 225 மீட்டர் மாதிரி. இவன் ஸ்க்ரீன்ல அது வளையத்துல பாதி கூட இல்ல. அதாவது 450 மீட்டருக்கும் மேல. "கிட்ட தான்ணா இருக்கேன்"னு அவன் சொன்னது மனசார தான், கண்ணு அப்படி தான் ஏமாத்தும், அதுவும் சின்ன மானிட்டர்ல ஜூம் போட்டு பாத்தா இன்னும் மோசம்.

இதனால மொத வேல, நீங்க ஓட்டுற பிளேனோட சைட் வளையம் எவ்ளோ, எதிரி பிளேனோட ரெக்க எவ்ளோன்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க. 109க்கு ரெக்க 10 மீட்டர் கிட்ட, பிரிட்டன்காரன் ஃபைட்டர் ஸ்பிட்ஃபயருக்கு 11 மீட்டர். ஒரு ஃபைட்டர் ரெவி வளையத்துல பாதிய அடைச்சா 200 மீட்டர், அதுக்கு முன்னாடி ட்ரிக்கர்ல வெரல் வெக்காதீங்க. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் பைலட் எரிக் ஹார்ட்மேன் 352 பிளேன் இறக்குனவரு, அவரு வழியே இது தான், கண்ணாடி முழுக்க எதிரி பிளேனே தெரியுற அளவுக்கு கிட்ட போயி தான் சுடுவாரு. ஸ்பிட்ஃபயர் ஓட்டுன செய்லர் மேலனும் மத்த பைலட்டுங்களுக்கு எழுதி குடுத்த ரூல்ஸ்ல, சைட் கரெக்டா ஒக்காந்தப்புறம் ஒண்ணு ரெண்டு செகண்ட் மட்டும் அடின்னு தான் வெச்சிருந்தாரு.

அந்த ஒண்ணு ரெண்டு செகண்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஸ்பிட்ஃபயர் மார்க் 1ல எட்டு மெஷின் கன்னு, கன்னுக்கு 300 புல்லட்டு, விடாம அழுத்துனா 15 செகண்ட்ல மொத்தமும் காலி. 109ல எம்கே 108 பீரங்கி வெச்ச மாடல்ல 65 ஷெல் தான், ஆறு செகண்ட் கூட தாங்குனா பெரிசு. அதனால ப்ராக்டிஸ்ல குண்டே தீராத அன்லிமிடெட் அம்மோ ஆன் பண்ணாதீங்கன்னு நான் அடிச்சு சொல்லுவேன், அது கைக்கு கெட்ட பழக்கத்த குடுக்கும், அப்புறம் அத மாத்தறது பெரிய பேஜாரு.

அடுத்தது கன்வெர்ஜென்ஸ். கன்னு ரெக்கைல இருக்குற பிளேன்ல ரெண்டு பக்க குண்டும் ஒரு குறிப்பிட்ட தூரத்துல வந்து சேரும், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் செதறி போவும். நெஜத்துலயே பிரிட்டன் ஏர்ஃபோர்ஸ் மொதல்ல 400 கஜத்துக்கு வெச்சிருந்து, அப்புறம் சண்டைல அடிபட்டு தெரிஞ்சுக்கினு 250 கஜத்துக்கு இறக்குனாங்க, நம்ம கணக்குல 230 மீட்டர் கிட்ட. கேம்லயும் 200ல இருந்து 250 மீட்டருக்குள்ள வைங்க. மூக்குல கன்னு இருக்குற 109, யாக், பி-38 மாதிரி பிளேன்ல இந்த தொல்ல கம்மி, புதுசா கத்துக்கறவங்களுக்கு நான் அத தான் சொல்லுவேன்.

இப்ப லீடுக்கு வருவோம். வியாசர்பாடி கிரவுண்டுல ஃபுட்பால் பாத்தவங்களுக்கு இத வெளக்கவே வேணாம், த்ரூ பாஸ் குடுக்கறவன் ஓடுறவன் கால பாத்தா ஒதைப்பான், அவன் ரெண்டு எட்டு போயி நிக்கப் போற காலி எடத்துக்கு தான ஒதைப்பான், குண்டும் அப்படி தான் போவணும். கணக்கு போட்டு பாருங்க, எதிரி மணிக்கு 400 கி.மீ. வேகத்துல குறுக்க போறான், செகண்டுக்கு 111 மீட்டர். உங்க குண்டு செகண்டுக்கு 750 மீட்டர்னு வைங்க, 300 மீட்டர் போக 0.4 செகண்ட் ஆவும். அதுக்குள்ள அவன் 44 மீட்டர் போயிட்டிருப்பான், ஏறக்குறைய அஞ்சு 109ஓட நீளம்! அதே 100 மீட்டர்ல இருந்து அடிச்சா 15 மீட்டர் தான், ஒண்ணரை பிளேன் நீளம். நேர் குறுக்க போகாம 30 டிகிரி கோணத்துல போனா இதுல பாதி போதும், 10 டிகிரின்னா ஆறுல ஒரு பங்கு. கிட்ட போ கிட்ட போன்னு நான் கத்துறது இதுக்கு தான், பின்பக்கமா கோணத்த கொறச்சு பக்கத்துல போனா தப்பு பண்ணாலும் படும்.

ஆனா லீடு எவ்ளோன்றத விட முக்கியமா ஒண்ணு இருக்கு, அத நெறைய பேரு கண்டுக்கறதே இல்ல. அவன் எந்த சாய்வுல திரும்புறானோ அதே சாய்வுல உங்க ரெக்கையும் இருக்கணும். அவன் ரெக்கைக்கு சமமா உங்க ரெக்கைய உருட்டி வெச்சிட்டு, ஸ்டிக்க பின்னாடி மட்டும் இழுத்து மூக்க அவனுக்கு முன்னாடி கொண்டு போங்க. அப்போ லீடு கொஞ்சம் கூட கொறைய இருந்தாலும் அவன் உங்க குண்டு வரிசைக்குள்ள தானா பறந்து வருவான். சாய்வு தப்புன்னா லீடு கரெக்டா இருந்தாலும் மேலயோ கீழயோ போயிடும். பல தடவ அவன் உங்க மூக்குக்கு அடியில மறைஞ்சே போயிடுவான், பயப்படாதீங்க, இழுத்துகினே ஒரு செகண்ட் அடிச்சிட்டு, லேசா விட்டு பாருங்க.

டேஷ்போர்டுல ஒரு சின்ன உருண்ட இருக்கும், ஸ்லிப் பால். அது நடுவுல இல்லன்னா பிளேன் பக்கவாட்டுல சறுக்கிகினு போவுதுன்னு அர்த்தம், மூக்கு ஒரு பக்கம் குண்டு ஒரு பக்கம். சுடறதுக்கு முன்னாடி ரடர் (வால்ல இருக்குற, மூக்க இடது வலதா திருப்புற பலக) குடுத்து அத நடுவுக்கு கொண்டு வாங்க. வார் தண்டர்ல மவுஸ் எய்ம்ல ஆடறவங்களுக்கு கேமே இத பாத்துக்கும், ஜாய்ஸ்டிக் வெச்சிருக்கறவங்க தான் கவனிக்கணும். ஜாய்ஸ்டிக்குக்கு பெரிய துட்டு செலவு பண்ண தேவையில்ல, சுத்துற ஸ்டிக்கா இருந்தா அதுலயே ரடர் வந்துடும். செட்டிங்ஸ்ல பிட்ச்சுக்கும் (மூக்கு மேல கீழ போறது) ரோலுக்கும் (ரெக்க சாயுறது) கர்வ் கொஞ்சம் போட்டுக்கங்க, ஸ்டிக்க லேசா ஆட்டுனா பிளேனும் லேசா தான் அசையும், நடுவுல மூக்கு ஆடறது நின்னுடும்.

ப்ராக்டிஸ் வரிச இப்படி போங்க. மொதல்ல தரையில நிக்கிற லாரி, மேல இருந்து சாய்வா எறங்கி ஒரே ஒரு பர்ஸ்ட், அதாவது சின்னதா ஒரு அழுத்து, இழுத்து ஏறு, திரும்பி வா. அப்புறம் நேரா போற ஜுங்கர்ஸ் 52, மூணு இன்ஜின் வெச்ச சரக்கு பிளேன், மெதுவா போவும், அத பின்னாடி இருந்து 150 மீட்டர் வரைக்கும் போயி அடிங்க. அது கை வந்தப்புறம் அதே பிளேன பக்கவாட்டுல மேல இருந்து எறங்கி அடிங்க, அமெரிக்க நேவி பைலட்டுங்க டிஃப்ளெக்‌ஷன் கத்துக்கினது இந்த மாதிரி எறங்கி அடிச்சு தான். அவங்க ப்ராக்டிஸ்ல ஒரு பிளேன் பின்னாடி துணிய கட்டி இழுத்துகினு போவும், ஒவ்வொருத்தர் புல்லட்லயும் வேற வேற கலர் பெயின்ட், கீழ வந்து துணில எந்த கலர் ஓட்ட எத்தனன்னு எண்ணுவாங்க. நமக்கு அந்த துணிக்கு பதிலா ரீப்ளே இருக்கு. ஒவ்வொரு ரவுண்டும் ரெக்கார்ட் பண்ணிட்டு, ட்ரிக்கர் அழுத்துன அந்த நொடில நிறுத்தி தூரம் எவ்ளோ, உருண்ட எங்க, ரெக்க எப்படி சாய்ஞ்சிருக்கு, இந்த மூணையும் பாருங்க. காக்பிட்ல இருந்து ட்ரேசர, அதாவது எரிஞ்சுகினே போற குண்டோட கோட்ட பாத்து முடிவு பண்ணாதீங்க, நீங்க திரும்பிகினு இருக்கும்போது அது வளைஞ்சு போற மாதிரி தெரியும், எதிரிய தாண்டி போனது கூட பட்ட மாதிரி இருக்கும்.

நேருக்கு நேர் மோதுறத இப்போதைக்கு விட்டுடுங்க. ரெண்டு பேரும் 400 கி.மீ.ல வந்தா 600 மீட்டர் இடைவெளி மூணு செகண்டுக்குள்ள தீந்துடும், அதுல கத்துக்க ஒண்ணும் இல்ல. எதிர்ல வர்றான்னு தெரிஞ்ச உடனே ஒரு பக்கம் ஒதுங்கி, அவன் உங்கள தாண்டுன அப்புறம் திரும்பி அவன் வால புடிங்க.