மானிட்டரில் படம் வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லையா?

டிவிக்கென்று வாங்கிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையோ ஆண்ட்ராய்டு பாக்ஸையோ கம்ப்யூட்டர் மானிட்டரில் செருகினால் படம் பளிச்சென்று வரும், சத்தம் மூச்சு விடாது. பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது. எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு சத்தத்தையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறது. ஆனால் நிறைய மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது, உள்ளே வந்த சத்தத்துக்கு வெளியே போக வழியில்லை. அதனால் பிளேயரை நோண்டுவதற்கும் கடைக்கு ஓடுவதற்கும் முன்னால் மானிட்டரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

படி 1: மானிட்டரில் வழி இருக்கிறதா?

எச்டிஎம்ஐ போர்ட்டுக்குப் பக்கத்தில் 3.5 மி.மீ. வட்டத் துளை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்போன் படமோ 'ஆடியோ அவுட்' என்றோ போட்டிருந்தால் கவலையே இல்லை, ஹெட்போனையோ கம்ப்யூட்டர் ஸ்பீக்கரையோ அதில் செருகிவிட்டு, மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் போய் வால்யூமை ஏற்றுங்கள், ஏனென்றால் அது சில சமயம் பூஜ்யத்திலேயே கிடக்கும். 'ஆடியோ இன்' என்று போட்டிருந்தால் அது வேறு சமாச்சாரம். விஜிஏ கேபிளில் சத்தம் வராது என்பதால், கம்ப்யூட்டர் சத்தத்தைத் தனி ஒயரில் மானிட்டருக்குள் அனுப்ப வைத்த துளை அது. அதில் ஸ்பீக்கரைச் செருகிவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றும் கேட்காது.

படி 2: பிளேயர் செட்டிங்

மெனுவில் நகரும்போது டிக் டிக் சத்தம் கேட்கிறது, படம் போட்டால் மட்டும் அமைதி. அல்லது ஒரு ஆப்பில் கேட்கிறது, இன்னொன்றில் இல்லை. இப்படி என்றால் பிளேயர் டால்பி சரவுண்டு சத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புகிறது, மானிட்டருக்கு அது புரியவில்லை. செட்டிங்கில் சவுண்டு அல்லது ஆடியோ அவுட்புட் பகுதிக்குப் போய் சரவுண்டை அணைத்து, 'ஸ்டீரியோ' அல்லது 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். மாற்றியதும் பிளேயரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிடுங்கள்.

படி 3: புளூடூத்

மானிட்டரில் துளையே இல்லையென்றால் செலவில்லாத வழி இதுதான். ஸ்பீக்கரின் பட்டனை விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடித்துவிட்டு, பிளேயர் செட்டிங்கில் புதுக் கருவியைச் சேர்த்தால் முடிந்தது. படம் பார்க்க இது போதும்; கேம் விளையாடுகிறவர்களுக்குத்தான் சத்தம் ஒரு நொடிப்பொழுது பிந்துவது எரிச்சலாக இருக்கும்.

படி 4: ஆடியோ எக்ஸ்ட்ராக்டர்

மேலே சொன்ன எதுவும் ஒத்துவராவிட்டால் வாங்க வேண்டியது, எச்டிஎம்ஐ-யில் வரும் சத்தத்தைத் தனியே பிரித்தெடுக்கும் இந்தக் குட்டிப் பெட்டி. பிளேயரின் எச்டிஎம்ஐ இதன் 'இன்' பக்கம், மானிட்டருக்குப் போகும் கேபிள் 'அவுட்' பக்கம், ஸ்பீக்கர் இதன் 3.5 மி.மீ. துளையில் (ஆம்பிளிஃபயர் வைத்திருந்தால் சிவப்பு-வெள்ளை துளைகளிலோ ஆப்டிக்கலிலோ). பெட்டிக்கு யூஎஸ்பி பவர் கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாகச் செருகியும் சத்தம் வராமல் பலர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன் பக்கவாட்டில் இருக்கும் சின்ன சுவிட்சைப் பாருங்கள்: 'பாஸ்', '2 சானல்', '5.1' என்று இருக்கும். கேபிளைச் செருகியவுடனேயே திரை தன்னால் என்னென்ன முடியும் என்று பிளேயரிடம் சொல்லிவிடும். சுவிட்ச் 'பாஸ்'-இல் இருந்தால் அந்தப் பதில் அப்படியே பிளேயருக்குப் போகும். ஸ்பீக்கர் இல்லாத மானிட்டர் 'எனக்குச் சத்தம் வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் பிளேயர் சத்தத்தையே அனுப்பாது, அப்புறம் பெட்டி எதைப் பிரித்தெடுக்கும்? '2 சானல்' வைத்தால் பெட்டியே முந்திக்கொண்டு 'ஸ்டீரியோ அனுப்பு' என்று சொல்லிவிடும். பழைய மானிட்டர்களில் இருக்கும் டிவிஐ போர்ட்டுக்கு அடாப்டர் போட்டு இணைக்கிறவர்களுக்கும் இதே வைத்தியம்தான்.

வாங்கும்போது இரண்டு விஷயம். 4கே படம் வேண்டுமென்றால் பெட்டி எச்டிசிபி 2.2-ஐ (படத்தைக் காப்பி அடிக்காமல் தடுக்கும் பூட்டு) ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் தேடப்போய் படமும் போய்விடலாம். 'ஏஆர்சி அடாப்டர்' என்று விற்பதை வாங்காதீர்கள். அது டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியே திரும்பி வரும் சத்தத்தை எடுப்பதற்கு, சாதாரண மானிட்டரில் அந்த வசதி இருக்காது.

எல்லாம் முடிந்து ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால், பெட்டிக்கான பவரை மானிட்டரின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காமல் தனி சார்ஜரில் கொடுத்துப் பாருங்கள், பல நேரம் அதிலேயே அடங்கிவிடும்.