தென்னாப்பிரிக்கா நியூகாசில் நிலக்கரி ஏரியாவ ஒரே நாள்ல சுத்திப் பாக்குறது எப்படி

டர்பன்ல இருந்து இந்தப் பக்கம் போறவங்க முக்காவாசி பீரங்கியையும் சிப்பாய் கல்லறையையும் பாத்துட்டு திரும்பிடுறாங்க, நம்ம ஆளுங்க பாக்க வேண்டிய ரூட் வேற, 1913ல இந்திய சுரங்கத் தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணி நடந்து போன வழி.

விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க. என்3 ஹைவேல லேடிஸ்மித், அங்கருந்து என்11 ஹைவே, அப்புறம் ரைட் எடுத்தா க்ளென்கோ தாண்டி டண்டி. அங்க டலானா மியூசியம், 1899ல பிரிட்டிஷ்காரங்களும் போயர்ங்குற டச்சு வழி வெள்ளைக்காரங்களும் சண்டை போட்ட எடத்துலயே இருக்கு, துப்பாக்கி ரூம சட்டுனு முடிச்சுட்டு சுரங்க ரூம்ல நேரம் போடுங்க.

அப்புறம் டான்ஹவுசர் வழியா நியூகாசில், மெதுவா ஓட்டுங்க. மலையெல்லாம் உச்சிய அறுத்து எடுத்த மாதிரி தட்டையா இருக்கும், மேல டாலரைட்டுங்குற எரிமலைக் குழம்பு இறுகுன பாறை, லேசுல கரையாது, அடியில மணற்கல்லும் நிலக்கரியும். புல்லு சரியா முளைக்காத கருப்பு மேடு தெரிஞ்சா அது மலை இல்ல, சுரங்கம் கொட்டுன கழிவு. வேலி தாண்டிப் போய் செல்ஃபி எடுக்காதீங்க, கீழ குடைஞ்ச தரை, உள்வாங்கும்.

நியூகாசில்தான் மெயின். ஒப்பந்தக் கூலியா வந்த இந்தியர்ல, ஒப்பந்தம் முடிஞ்சும் ஊர் திரும்பாதவன் வருஷம் மூணு பவுண்ட் வரி கட்டணும்னு சட்டம், அத எடுக்குற வரை சுரங்கத்துல எறங்காதீங்கன்னு இங்க வந்து சொன்னது வடக்க இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தோட தமிழ்ப் பொம்பளைங்க. அவங்களுக்கு மூணு மாச ஜெயில். வேலைய விட்டு வந்தவங்க காந்தியோட சார்ல்ஸ்டவுன் வரை நடந்தாங்க. தெனமும் ஒன்றரை பவுண்ட் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை, அவ்ளோதான். ஓடை தாண்டுறப்ப ஒரு தாய் கையில இருந்து குழந்தை நழுவி தண்ணியோட போயிடுச்சு.

நீங்களும் என்11லயே வடக்க போங்க, லைங்ஸ் நெக்ங்குற கணவாய் ஏத்தத்துல லெஃப்ட்ல மஜூபா மலை, தாண்டுனா சார்ல்ஸ்டவுன், அடுத்து ஃபோல்க்ஸ்ரஸ்ட். 1913 நவம்பர் 6ல இங்க டிரான்ஸ்வால் எல்லைய தாண்டுனது 2,037 ஆம்பளைங்க, 127 பொம்பளைங்க, 57 குழந்தைங்க. அப்புறம் புடிச்சு ரயில்ல ஏத்தி கொண்டுவந்து தொழிலாளிங்க தங்குன சுரங்க காம்பவுண்டையே ஜெயிலா ஆக்கிட்டாங்க, அங்க வேலை பாத்த வெள்ளைக்காரங்களே வார்டர்! இத தெரிஞ்சுகிட்டு போனாத்தான் அந்த ஊருங்க உங்களுக்குப் புரியும்.

ஜூன் ஜூலைன்னா காலைல உறைபனி, ஜெர்கின் கட்டாயம். கோடைல மத்தியானத்துக்கு மேல இடி மழை புடிச்சுக்கும், அதனால நெக்க சீக்கிரமே தாண்டிருங்க. புளிசாதம் கட்டிக்கோங்க, வழியில நம்ம சாப்பாடு தேடி அலைய வேணாம். ராத்திரி அந்த ரோட்ட லாரிங்களோட ஓட்டுறதுக்கு பதிலா நியூகாசில்லயே ரூம் போட்டுடலாம்.