களிமண் உருண்டையில் வெள்ளை பூத்தால்

மண்ணுக்குப் பதில் லெக்கா எனும் சுட்ட களிமண் உருண்டையில் வைத்த மணி பிளாண்டில் மேல் உருண்டைகள் வெளுத்து, இலை நுனியும் கருகத் தொடங்கியது. பார்த்தால் பூஞ்சை போலிருக்கும். விரலில் தேய்த்தால் நறநறவென்று உதிர்ந்தது, உப்புதான். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் உரமும் உருண்டை வழியே மேலேறி, தண்ணீர் ஆவியானதும் அங்கேயே தங்கிவிடுகின்றன.

தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு மழைநீரை மேலிருந்து ஊற்றி, அடியில் வடியவிட்டேன். அதற்கும் போகாத உருண்டைகளை எடுத்து, லிட்டருக்கு 50 மில்லி வெள்ளை வினிகர் கலந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, அலசி, மறுபடி 24 மணி நேரம் வெறும் தண்ணீரில் போட்டேன். செடி இருக்கும்போது வினிகர் ஊற்றக்கூடாது, வேர் போய்விடும்.

இப்போது மாதம் ஒருமுறை அலசல். உரம் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு. உரம் கலந்த நீரின் பிஎச் (அமில-கார அளவு) 5.5 முதல் 6.5. அடியில் தேங்கும் நீர் தொட்டி உயரத்தில் கால் பாகம். அதற்கு மேல் போனால் வேர் மூச்சுமுட்டி அழுகும். ஆர்ஓ மெஷினின் கழிவுநீரை ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றும், ஆனால் உப்பு முழுக்க அதில்தான். நல்ல ஆர்ஓ நீர் என்றால் கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த உரம் கட்டாயம்.