திட்டம் வந்ததால் மாறியதா, திட்டம் வந்தபோது மாறியதா?

சேலத்துக்கு வெளிநாட்டு நிதித் திட்டங்கள் புதிதல்ல. ஐ.நா.வைச் சேர்ந்த ஐஃபாட் நிதியத்தின் உதவியோடு 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், அடுத்த சில ஆண்டுகளில் இங்கேயும் வந்தது. மகளிர் குழுக்கள் ஊர் ஊராகப் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று கேட்டால்தான் சிக்கல்.

சமூகப் பணிப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, திட்டத்தின் தாக்கத்தை அளக்க முதல் சர்வேக்குப் போகிறவர்கள் முதல் டெல்லியிலிருந்து வரும் ஆலோசகர்கள் வரை எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அன்று இருந்த நிலையையும் இன்றைய நிலையையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவது. பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் வந்ததும் அதே 1989-ல்தான். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. அப்படியிருக்க, குழுவே இல்லாத ஊரில் பெண்கள் நிலை மாறவில்லையா என்று பார்க்காமல் எழுதிய அறிக்கையை எப்படி நம்புவது?

சரி, ஒப்பிட ஓர் ஊரை எடுக்கலாம் என்றால் அதிலும் சறுக்கல் இருக்கிறது. திட்டங்கள் முதலில் போவது ரோட்டோர ஊர்களுக்கு. முதலில் குழுவில் சேருவதும் ஏற்கெனவே துணிச்சலான பெண்கள்தான். எடப்பாடி பக்கத்துத் தறி ஊரை, ஏற்காட்டில் பஸ் எட்டிப் பார்க்காத மலையாளிப் பழங்குடியினர் கிராமத்தோடு ஒப்பிட்டால் தெரிவது சாலையின் தாக்கமே.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் ஜெஃப்ரி சாக்ஸ் முன்னின்று ஆப்பிரிக்காவில் நடத்திய மில்லேனியம் கிராமங்கள் திட்டத்தில், குழந்தை இறப்பு மற்ற பகுதிகளைவிட வேகமாகக் குறைந்ததாக 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அந்தந்த நாடு முழுக்கவே இறப்பு வேகமாகக் குறைந்துவந்ததை மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்ட, அந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஓரிடத்தில் பலித்தது எங்கும் பலிக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. 1980-ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், குழந்தைகளை எடை போட்டு, தேறாதவர்களுக்குச் சத்துணவு கொடுத்து, தாய்மார்களுக்கு ஆலோசனை சொன்னது. நல்ல பெயர் கிடைத்தது. அதே முறையை 1990-களில் வங்கதேசத்துக்குக் கொண்டுபோனபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. அங்கே பல வீடுகளில் கடைக்குப் போவது ஆண்கள், சோறு பங்கிடுவது மாமியார். பாடம் நடந்ததோ தாய்க்கு!

எத்தனை பேருக்குத் தையல் பயிற்சி, எத்தனை கூட்டம் என்று எண்ணுவது தாக்கம் ஆகாது. இதை நீட்ட வேண்டியதில்லை.

மாதத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆச்சரியம். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி, தையில் தோட்டக் கூலி கையில் புழங்கும். முதல் சர்வேயை ஆடியிலும் கடைசி சர்வேயைத் தையிலும் எடுத்தால் வருமானம் உயரத்தான் செய்யும். அதற்குத் திட்டமே வேண்டாம்.

அப்புறம், யாரிடம் கேட்பது? குழு ஊக்குநர் கூட்டிவந்த பெண்களிடம், திட்ட அலுவலர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது கேட்டால், "நல்லாத்தானுங்க இருக்குது" என்பார்கள். வேறென்ன சொல்வார்கள்? காலையில் போனால் தோட்ட வேலைக்குப் போகாதவர்கள்தான் வீட்டில் இருப்பார்கள், அதனால் சாயங்காலம் போங்கள். கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருப்பவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாமல் போனிலாவது பேசுங்கள். தவணை கட்ட முடியாமல் குழுவைவிட்டு விலகியவர்களின் பெயர் பயனாளிகள் பட்டியலில் இருக்காது, ஆனால் குழுவின் பழைய கடன் பதிவேட்டில் இருக்கும். ஊருக்குள் போனதும் முதலில் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.