பிடரியை நம்பாதீர்கள்: செரங்கெட்டியில் ஆண் சிங்கக் கூட்டணிகளைத் தொடர்வது எப்படி

ஆண் சிங்கத்தைப் பிடரி மயிரை வைத்து அடையாளம் காண முயல்பவர்கள் ஒரே வருடத்தில் குழம்பிப்போவார்கள். பிடரி வயதாக ஆகக் கறுக்கும், சண்டையில் பிய்ந்துபோகும், மழையில் நனைந்தால் வேறு சிங்கம் போலவே தெரியும். கடைசிவரை மாறாமல் இருப்பவை மீசைப் புள்ளிகள். 1966-ல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் தான்சானியாவில் தொடங்கிவைத்த செரங்கெட்டி சிங்க ஆய்வு, ஒவ்வொரு சிங்கத்துக்கும் தனி அடையாள அட்டை போட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தொடர முடிந்ததற்கு இந்தப் புள்ளிகள்தான் பெரிய துணை.

மீசை மயிர் முளைக்கும் இடங்களில் கறும்புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். மேலிருந்து கீழாகப் பார்த்தால் முழுசாக ஓடும் முதல் வரிசைதான் உங்கள் அளவுகோல். அதற்கும் மேலே சில புள்ளிகள் மட்டும் தனியாக நிற்கும்; சிங்கத்தின் கைரேகை அதுதான். அளவுகோல் வரிசையை மூக்குப் பக்கமிருந்து எண்ணுங்கள். மேலே உள்ள ஒவ்வொரு புள்ளியும் எதற்கு நேர் மேலே இருக்கிறது, எந்த இரண்டுக்கு நடுவில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘இடது 2, 3-4; வலது 3’ என்று எழுதினால் போதும்: இடக் கன்னத்தில் 2-க்கு மேலே ஒன்று, 3-க்கும் 4-க்கும் நடுவில் ஒன்று; வலக் கன்னத்தில் 3-க்கு மேலே ஒன்று. இரண்டு கன்னமும் ஒன்றுபோல் இருக்காது என்பதால், ஒரு பக்கம் மட்டும் கிடைத்த அட்டையை முடிந்ததாகக் கருத வேண்டாம்.

படம் எடுக்க 400 மிமீ லென்ஸும் 20-30 மீட்டர் தூரமும் வசதி. முகம் சரியான பக்கவாட்டில் இருக்க வேண்டும். மூக்கு உங்களை நோக்கிக் கொஞ்சம் திரும்பினாலே மேல்வரிசை இடம் மாறியதுபோல் தெரியும். ஒரே சிங்கத்துக்கு இரண்டு அட்டை விழுவது பெரும்பாலும் இதனால்தான். அடுத்த தொல்லை ஈ. கன்னத்தில் உட்கார்ந்த ஈயும் மீசைப் புள்ளியும் படத்தில் ஒரே அளவுதான். பத்துப் படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து ஒப்பிடுங்கள்: படத்துக்குப் படம் இடம் மாறுவது ஈ, அதே இடத்தில் இருப்பது புள்ளி. இரை தின்ற முகத்தில் காய்ந்த ரத்தமும் இதே வேலையைச் செய்யும். நக்கித் துடைத்து முடிக்கும்வரை காத்திருப்பதே மேல்.

காதுக் கிழிசலையும் வரைந்துவையுங்கள். கிழிசல் கூடுமே தவிரக் குறையாது. பழைய அட்டையில் இருக்கும் வெட்டு புதிய படத்தில் இல்லையென்றால் அது வேறு சிங்கம். ஆனால் புதிய வெட்டு தெரிகிறது என்பதால் மட்டும் வேறு சிங்கம் என்று சொல்லிவிட முடியாது. வயதுக்கு மூக்கைப் பாருங்கள்: குட்டியில் இளஞ்சிவப்பாக இருப்பது, ஐந்து வயதுவாக்கில் ஏறத்தாழப் பாதி கறுத்திருக்கும்.

இனி யார் யாரோடு என்ற கேள்வி. இரண்டு, மூன்று ஆண்கள் சேர்ந்த கூட்டணிகள்தான் அதிகம். நான்கும் அதற்கு மேலும் இருந்தால் அநேகமாக ஒரே கூட்டத்தில் பிறந்த அண்ணன் தம்பிகள், ஒன்றுவிட்ட சகோதரர்கள். இருவர் அணியில் ரத்த உறவே இல்லாதவர்களும் உண்டு. கூட்டாளிகள் எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிவதில்லை. ஒருவன் சினைப்பருவப் பெண்ணோடு ஓரிடத்தில் இருப்பான், மற்றவன் பல கிலோமீட்டர் தள்ளி வேறொரு பெண் கூட்டத்தில் இருப்பான். எனவே ஒருமுறை தனியாகப் பார்த்ததை வைத்து ‘ஒற்றை ஆண்’ என்று எழுதாதீர்கள். வெவ்வேறு நாட்களில் பலமுறை சேர்ந்து படுத்திருப்பதையோ சேர்ந்து கர்ஜிப்பதையோ பார்த்த பிறகு கூட்டணி என்று பதியுங்கள்.

கர்ஜனையை வீணாக்கக் கூடாது. விடியலுக்கு முன் இரண்டு வண்டிகளை 1-2 கிலோமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, ஒரே கர்ஜனைக்கு இரண்டிலிருந்தும் திசைகாட்டியில் கோணம் எடுங்கள். இரு கோடுகளும் செங்கோணத்துக்குப் பக்கமாக வெட்டிக்கொண்டால் நல்லது. 30 டிகிரிக்குக் கீழே போனால் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள். 3 கிலோமீட்டரில் 5 டிகிரி பிசகினால் 260 மீட்டர் தள்ளிப்போகும். கர்ஜிப்பவை பெரும்பாலும் எல்லை வைத்திருக்கும் ஆண்கள். எல்லையில்லாத நாடோடிகள் வாயைத் திறப்பது அரிது, அதனால் சத்தம் கேட்காததை வைத்து ஆண் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒலிபெருக்கியில் கர்ஜனை போட்டு வரவழைப்பது அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை. சுற்றுலாப் பயணிக்கு அந்த யோசனையே வேண்டாம்.

எல்லை வரையும்போது ஆணையும் பெண்ணையும் ஒரே அடுக்கில் போடாதீர்கள். பெண்களின் எல்லை தாயிடமிருந்து மகளுக்குப் பல தலைமுறை போகும். ஆண்கள் ஒரு கூட்டத்தில் தாக்குப்பிடிப்பது பொதுவாக இரண்டு, மூன்று வருடம். பெரிய கூட்டணி ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெண் கூட்டங்களையும் வைத்திருக்கும். குஜராத்தின் கிர் காட்டில் கதையே வேறு. அங்கே ஆண்கள் பெண்களைவிட்டுத் தனியாகவே வாழ்கின்றன, ஒரே பெண் பல கூட்டணிகளோடு சேரும். செரங்கெட்டி கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

எல்லாப் புள்ளிகளையும் கயிறு கட்டினதுபோல் வளைத்துப் பல்கோணம் போட்டால், ஒருநாள் ஊர் சுற்றப்போன இடம்கூட எல்லைக்குள் வந்துவிடும். புள்ளிகள் எங்கே நெருக்கமாக விழுகின்றன என்று கணக்கிடும் அடர்த்தி முறையில் 95 சதவீத (மொத்த எல்லை), 50 சதவீத (அதன் மையப்பகுதி) வளைகோடுகளை வரைவது மேல். சிங்கத்தின் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மணிக்கொரு புள்ளி தந்தாலும் நாளுக்கு ஒன்றைத்தான் எடுங்கள். சிங்கம் இல்லாத நாட்களில் எந்தப் பாதையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வரைபடம் சாலைகளைத்தான் காட்டும். பழைய தாள் வரைபடங்கள் ஆர்க் 1960 என்ற இட அளவீட்டு அடிப்படையில் இருக்கலாம், ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு அடிப்படையில் இருக்கும். மாற்றாமல் கலந்தால் ஏறத்தாழ 300 மீட்டர் பிசகும்.

ஒரு கூட்டத்தைப் புதிய ஆண்கள் பிடித்து ஆட்சி மாறியதை எப்படித் தெரிந்துகொள்வது? அறியாத ஆண்கள் வந்தது மட்டும் போதாது. மழைக்காலத்தில் தெற்குச் சமவெளிக்கு வில்டபீஸ்ட் என்ற பெரிய மானினத்தின் மந்தைகள் இறங்கும்போது அவற்றின் பின்னாலேயே நாடோடி ஆண்களும் வருவார்கள், போவார்கள். புதியவர்கள் பெண்களோடு இணை சேர்கிறார்களா, சிறு குட்டிகள் காணாமல் போனதா, வளர்ந்த குட்டிகள் விரட்டப்பட்டனவா என்று சேர்த்துப் பாருங்கள். புதிய ஆண்கள் பழையவர்களின் குட்டிகளைக் கொல்வதுண்டு என்பதால், குட்டியோடு ஒதுங்கித் திரியும் பெண்ணை அந்த நாட்களில் வண்டியில் துரத்தக் கூடாது. வண்டி நிற்கும் இடம் மற்ற வண்டிகளை மட்டுமல்ல, ஆண்களின் கவனத்தையும் இழுக்கலாம்.

கழுத்துப்பட்டை போடுவது கால்நடை மருத்துவரும் தான்சானியா வனவிலங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியும் இல்லாமல் நடக்காது. செரங்கெட்டி ஆய்வில் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பெண்ணுக்குப் போட்டார்கள். அவளைப் பிடித்தால் கூட்டம் கிடைக்கும், கூட்டத்தைத் தேடி ஆண்கள் வருவார்கள். இளம் ஆணின் கழுத்தோ வளர்ந்துகொண்டே இருக்கும், பட்டை இறுகும்.

படங்களைப் பொதுவில் போடும் முன் அதில் பதிந்திருக்கும் இடக்குறியை நீக்குங்கள். பூங்கா ஓரத்தில் மாடு இழந்தவர்கள் விஷம் வைப்பதுண்டு, பல் நகத்துக்கு வேட்டையாடுபவர்களும் உண்டு. முழு ஆயத்தொலைவு உங்கள் பதிவேட்டில் இருக்கட்டும். வெளியே ‘மத்திய செரங்கெட்டி’ என்றால் போதும்.