ஒரு ஸ்டேஷன் தள்ளி

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் தடத்தில் 26 வருடம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு கதை எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பழவந்தாங்கலில் எங்கள் மொட்டை மாடிக்கு ஏழெட்டுப் பேர் தாங்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு வருவார்கள். பாதிக்கு மேல் காதல் கதை. மூன்றாவது பத்திக்குள் "அவன் மனதில் ஏதோ பூத்தது" என்று வந்துவிடும். என்ன பூத்தது, எதனால் என்று கேட்டால் ஆளாளுக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார்கள்.

பல்லாவரம் கவுண்டரில் நான் இருந்தபோது ஒருவர் மாதா மாதம் சைதாப்பேட்டைக்கு சீசன் டிக்கெட் எடுப்பார். வருடக்கணக்கில் அதே ஸ்டேஷன், கையில் சரியான சில்லறை. ஒரு மாதம் "மாம்பலம்" என்றார். "வேலை மாறிடுச்சா சார்?" என்றேன். "இல்ல மேடம், அதே ஆபீஸ்தான்." அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணும் மாம்பலம்தான் கேட்டாள். ரங்கநாதன் தெருவில் ஏதோ துணிக்கடை. கையில் கடைப் பை. அதாவது மனிதர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போய், எதிர் வண்டி பிடித்துத் திரும்பி வருகிறார்.

காதல் வந்தால் ஆளின் அன்றாடம் எங்கேயாவது ஒரு இடத்தில் நகரும். அந்த நகர்வைக் கண்டுபிடித்து எழுதினால் போதும், பூ தானாகத் தெரியும். அதனால் நான் முதலில் செய்யச் சொல்வது இது: இருவரும் சந்திப்பதற்கு முன் ஆளுக்கு மூன்று வழக்கங்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்த வண்டி, எங்கே டீ, யாரிடம் கடன், எதற்குக் கோபம். பிறகு அதில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் மாற்றினால் ஆள் காதலன் ஆக மாட்டான், வேறு ஆளாகிவிடுவான்.

இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. அவன் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் பின்தொடர்வது. நம் ஊரில் அதையே காதல் என்று நெடுநாள் பார்த்துப் பழகிவிட்டோம். எழுதும்போது கை தானாக அந்தப் பக்கம் போகும். அவளும் தன் பங்குக்கு நகர வேண்டும். தினமும் லேடீஸ் பெட்டியில் ஏறுகிறவள் ஒரு நாள் பொதுப் பெட்டியில் ஏறுகிறாள். கூட்டம், வியர்வை, முட்டி மோதல் எல்லாம் தெரிந்தே ஏறுகிறாள். இதற்கு மேல் ஒரு பெண் என்ன சொல்ல வேண்டும்?

அவளுக்கு அவன் வருவதற்கு முன்பே ஒரு வாழ்க்கை இருக்கட்டும். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டம் திருத்தினார்கள். கால் வீங்கி வருகிறவளை உங்கள் நாயகன் "கடற்கரையில் நடக்கலாமா" என்று கூப்பிட்டால் அவனுக்கு அவளைத் தெரியவில்லை என்று அர்த்தம். தெரிந்தவன் பிளாட்பாரத்தில் காலியான பெஞ்சைத்தான் தேடுவான். அந்தப் பெஞ்சை எழுதுங்கள், வர்ணனை வேண்டாம்.

அடுத்தது பேச்சு. தமிழில் எழுதுகிறவருக்கு இதில் ஒரு கொடுப்பினை. "சாப்டீங்களா", "சாப்டியா" இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. "நீங்க" என்றால் தள்ளி வைத்த மாதிரி, "நீ" என்றால் உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி. இந்தத் தயக்கத்தில் இருக்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "சாப்பாடு ஆச்சா?" "கிளம்பியாச்சா?" "டீ சொல்லலாமா?" ஆளே இல்லாத வாக்கியங்கள்! கவுண்டரில் நின்றுகொண்டு இப்படிப் பேசுகிற ஜோடி புதுசு என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் பாத்திரங்களை நாலைந்து பக்கம் இப்படியே ஓட்டுங்கள். பிறகு ஒருவர் வாய் தவறி "நீ" சொல்லட்டும். அவசரத்தில் வந்தால் அழகு: "ஏய், வண்டி வருது, நீ ஏறு." மற்றவர் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கட்டும். சண்டை வந்ததும் பழையபடி "நீங்க சொன்னா சரிதாங்க." அந்த "ங்க" போதும், அவள் முகம் சிவந்தது, உதடு துடித்தது எல்லாம் அடித்துவிடலாம்.

தடைக்கு அரிவாளோடு வரும் அப்பாவைத் தேடிப் போகாதீர்கள். சாதி நம் ஊரில் நிஜமான தடைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தெரிந்து எழுத வேண்டும், சினிமாவில் பார்த்து எழுதக் கூடாது. சென்னையில் இன்னொரு தடை எல்லோருக்கும் உண்டு: இரண்டு பேர் உட்கார்ந்து பேச இடம் கிடையாது. மே மாத மத்தியானம் மெரினாவில் படகு நிழலில் பத்து நிமிடம் இருக்க முடியாது. கோட்டூர்புரம் நூலகத்தில் குளுகுளு என்று இருக்கும், வாயைத் திறக்க முடியாது. எங்கள் மாடிக்கு வரும் ஒரு பையன் இதையே பிடித்துக்கொண்டான். அவன் கதையில் இருவரும் அந்த நூலகத்தில் ஒரே நோட்டில் மாறி மாறி எழுதிப் பேசிக்கொள்கிறார்கள். அவள் கையெழுத்து புரியாமல் அவன் ஒரு முக்கியமான வரியைத் தப்பாகப் படித்துவிடுகிறான். மொத்தக் கதையும் அதில் நடந்துவிட்டது.

எங்கே எவ்வளவு எழுதுவது என்றால், நம் பழைய அகப்பாடல்காரர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்திணையில் கூடுவதற்கு குறிஞ்சி ஒன்றுதான். காத்திருப்பது முல்லை, ஊடுவது மருதம், ஏங்குவது நெய்தல், பிரிவது பாலை. ஐந்தில் நாலு பங்கு சேராமல் இருப்பதுதான்! பத்துப் பக்கக் கதையில் சந்திப்புக்கு இரண்டு பக்கம் தாராளம். தோழியையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் தெரிவதற்கு முன் தெரிந்துகொள்கிற மூன்றாவது ஆள் ஒருத்தி இருந்தால் பாதி வேலை குறையும். ஹாஸ்டல் அறைத்தோழி, டீக்கடை மாஸ்டர், வேறு யாரும் கிடைக்காவிட்டால் டிக்கெட் கவுண்டர் அம்மா.

மாம்பலம் சீசன் சில மாதம் போனது. பிறகு அவரே மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தார். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அது முடிந்து வந்தவர், "சைதாப்பேட்டை, ஒரு மாசம்" என்றார். பின்னால் யாரும் இல்லை. மீதிச் சில்லறையை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். எத்தனையோ வருடம் அதைத் தோற்ற காதலாகவே மனதில் வைத்திருந்தேன், அப்படியே ஒரு கதையும் எழுதினேன்.

போன மாதம் மாடியில் இதைச் சொன்னபோது கல்லூரிப் பெண் ஒருத்தி குறுக்கே கேட்டாள்: "ஏன் ஆன்ட்டி, கல்யாணம் ஆகி அவங்க அந்தக் கடை வேலைய விட்டிருக்கலாமே?"

எனக்கு அது தோன்றவே இல்லை. வரும் சனிக்கிழமை அதை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.