வெள்ள மாடலை சாட்டிலைட் படத்தோடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் பவானி, குமாரபாளையம், ஈரோடு கருங்கல்பாளையம் பக்கம் எந்தத் தெரு வரைக்கும் ஏறும் என்று ஹெக்-ராஸ் (HEC-RAS) என்கிற வெள்ளக் கணக்கீட்டு மென்பொருளில் மாடல் போடுகிறீர்களா? சாட்டிலைட் படத்தை மேலே வைத்துப் பார்த்து "95 சதவீதம் பொருந்துகிறது" என்று எழுதிவிடாதீர்கள். நூறு சதுர கிலோமீட்டரில் ஐந்துதான் மூழ்கியது என்றால், எங்கேயும் வெள்ளமே வராது என்று சொல்கிற மாடலுக்கும் அதே 95 கிடைக்கும். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற ஆற்றையும் ஊராட்சிக்கோட்டை மாதிரி கதவணைத் தேக்கங்களையும் முதலில் கழித்துவிடுங்கள். அப்புறம் இரண்டிலும் நனைந்தது, மாடல் விட்டது, மாடல் கூடுதலாகக் காட்டியது, இந்த மூன்றின் கூட்டுத்தொகையில் முதலாவது எத்தனை பங்கு என்று பாருங்கள். எண் சட்டென்று இறங்கும், ஆனால் அதுதான் நேர்மையான எண்.

அடுத்தது, படம் சொல்வதெல்லாம் உண்மை என்று நம்புவது. சென்டினல்-1 என்கிற ஐரோப்பிய சாட்டிலைட்டின் ரேடாருக்கு அசையாத தண்ணீர் கறுப்பாகத் தெரியும், சரி. ஆனால் கோபி பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை பாசனத்தில் நடவுக்குத் தண்ணீர் கட்டின வயலும் அதே கறுப்புதான், அதை வெள்ளம் என்று எண்ணிவிட்டு மாடலைக் குறை சொல்லக்கூடாது. இதற்கு நேர்மாறாக, சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த ரேடார் அலை வாழைத்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் இலையிலேயே பெரும்பாலும் சிதறிவிடுவதால் அடியில் நிற்கிற தண்ணீர் தெரியாமல் போகும், ஊருக்குள் சுவரிலும் தண்ணீரிலும் மாறி மாறிப் பட்டுத் திரும்புவதால் மூழ்கின தெருவே வெளிச்சமாகத் தெரியும். குமாரபாளையத்து ஆற்றோர வீடுகள்தான் நமக்கு முக்கியம், அங்கேதான் இந்தப் படம் அதிகம் ஏமாற்றுகிறது! அந்தப் பிக்சல்களை மதிப்பெண்ணில் சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

படம் எடுத்த நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அந்த நேரத்து மாடல் நிலையைத்தான் ஒப்பிட வேண்டும், உச்ச வெள்ளத்தை அல்ல. ரேடார்தான் வேண்டும் என்றும் இல்லை. காவிரி வெள்ளம் பெரும்பாலும் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை, ஈரோட்டில் வெயில் அடிக்கும்போதே ஆறு கரை புரளும், அதனால் மேகம் இல்லாத சாதாரணப் படமும் கிடைக்க வாய்ப்புண்டு.

ஒரே படத்தை வைத்து மானிங் எண்ணை (ஆற்றுப்படுகையும் கரையும் எவ்வளவு சொரசொரப்பு என்று மாடலுக்குச் சொல்லும் எண்) சரிசெய்துவிட்டு அதே படத்தில் சோதிப்பது சோதனையே இல்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிசெய்தால் 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் சோதியுங்கள்.

கரை செங்குத்தான இடங்களில் தண்ணீர் ஒரு மீட்டர் கூடினாலும் 10 மீட்டர் பிக்சலில் விளிம்பு நகரவே நகராது, அங்கே பரப்பு பொருந்துகிறது என்பதில் பெரிய அர்த்தமில்லை. அதனால் ஆழத்துக்கு ஊருக்குள் போங்க. பவானி கூடுதுறையில் எந்தப் படி வரை ஏறியது, எந்தச் சுவரில் கறை நிற்கிறது என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டு, அந்த உயரத்தை லெவல் கருவியில் அளந்து மாடலின் நீர்மட்டத்தோடு வைத்துப் பாருங்கள்.